மூன்று சிமிட்டல்

ஹீட்டர் நின்றுபோனால் முதலில் தெர்மோஸ்டாட்டின் பேட்டரியைப் பாருங்கள். சிரிக்க வேண்டாம். நாற்பத்தொரு வருடம் இந்த வேலை பார்த்தவன் சொல்கிறேன், பத்து வீட்டில் மூன்று வீட்டில் கோளாறு அதுதான். அடுத்து நிலவறைப் படிக்கட்டின் மேலே இருக்கும் சுவிட்ச். யாராவது அதை விளக்கு சுவிட்ச் என்று நினைத்து அணைத்துவிட்டிருப்பார்கள். அதற்கப்புறம் ஃபில்டர். அதில் நாய் முடியும் தூசியும் கம்பளிபோலப் படிந்திருக்கும். இந்த மூன்றையும் பார்த்த பிறகுதான் ஹீட்டரின் அடிக்கதவில் உள்ள சின்னக் கண்ணாடித் துளைக்கு முன்னால் மண்டிபோட வேண்டும். உள்ளே ஒரு விளக்கு சிமிட்டும். எத்தனை முறை சிமிட்டுகிறது என்று பொறுமையாக எண்ண வேண்டும். கோளாறு என்ன என்பதை ஹீட்டரே சொல்லிவிடும். இப்போது வேலைக்கு வருகிறவர்களுக்கு அந்தப் பொறுமை இல்லை. படியில் இறங்கும்போதே புதுச் சர்க்யூட் போர்டு வேண்டும் என்கிறார்கள்.

நீங்கள் இதைக் கேட்கவில்லை என்று தெரியும், மிஸ் ஹில்டுனென். போலீஸ் அதிகாரியாக நீங்கள் கேட்டது, என் அக்கா ஐலி எப்படிச் செத்தாள் என்று. அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எந்த வேலையையும் நான் வரிசைப்படிதான் செய்வேன். நடுவில் புகுந்தால் எனக்குக் குழம்பிவிடும்.

அந்த விளக்கு மூன்று முறை சிமிட்டினால் காற்று போய்வரவில்லை என்று அர்த்தம். இந்தக் காலத்து ஹீட்டருக்குப் புகைக்கூண்டு கிடையாது. சுவரைத் துளைத்து வெளியே நீட்டிய இரண்டு வெள்ளைக் குழாய்தான். ஒன்று காற்றை உள்ளே இழுக்கும், மற்றது புகையை வெளியே தள்ளும். இரண்டில் எது அடைத்துக்கொண்டாலும் உள்ளே ஒரு சுவிட்ச் விழுந்து, பத்து நிமிடத்தில் எல்லாம் நின்றுவிடும். வீட்டுக்குள் விஷவாயு வராது. அதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். அப்படி நிற்காத பழைய மாடலாக இருந்திருந்தால் நான் அந்தக் குழாயைத் தொட்டிருக்கவே மாட்டேன். அக்காவின் உயிரோடு விளையாடுகிற ஆள் இல்லை நான்.

ஐலிக்கு எழுபத்தொன்பது வயது. எனக்கு எழுபது. அம்மா போனபோது எனக்கு ஒன்பது, அவளுக்குப் பதினெட்டு. அப்பா காட்டு மரம் வெட்டும் முகாமில் இருந்தார், மாதம் ஒருமுறை வருவார். என்னைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியது அவள். பள்ளிக்கூடத்தில் அடி வாங்கி வந்தால் அடித்தவன் வீட்டுக்கே போய்ச் சண்டை போட்டதும் அவள்தான். ஆர்வோ அவளைக் கட்டிக்கொள்ள ஆறு வருடம் காத்திருந்தார். என்னால்தான் அந்தக் கல்யாணம் தள்ளிப்போனது என்று ஊரில் சொல்வார்கள். அவள் ஒருநாளும் சொன்னதில்லை. குழந்தை இல்லை. ஆர்வோ போய்ப் பதினோரு வருடமாகிறது. நாங்கள் பிறந்து வளர்ந்த அந்த மேட்டு வீட்டிலேயே அவள் தங்கிவிட்டாள்.

ஊரிலிருந்து ஒன்பது மைல். நீங்கள் போய்ப் பார்த்தீர்களே, பக்கத்து வீடு என்று ஒன்று கண்ணுக்குத் தெரிகிறதா? சுப்பீரியர் ஏரி இந்தப் பக்கம் தும்மினால்கூடப் பனி அந்த மேட்டில்தான் விழும். பிப்ரவரியில் மேற்குச் சுவரில் பனி மார்பு உயரத்துக்கு நிற்கும். அவளுக்கு இடுப்பு எலும்பு மாற்றிய பிறகு தடி இல்லாமல் நடக்க முடியாது. என் வீடோ ஊருக்குள் இருக்கிறது. படியே இல்லாத வீடு, மூன்று படுக்கையறை, ஆஸ்பத்திரி இரண்டு தெரு தள்ளி. என் மனைவி டோலோரஸ் இறந்த பிறகு இரண்டு அறை சும்மா கிடக்கிறது. அக்கா அங்கே வந்துவிட வேண்டும் என்று நான் ஆசைப்பட்டதில் என்ன தப்பு என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. எல்லாம் அவளுடைய பாதுகாப்புக்காகத்தான்.

ஹீட்டர் முதல் தடவை நின்றபோது நான் எதுவும் செய்யவில்லை. டோலோரஸ் நவம்பரில் போனாள். அடுத்த ஜனவரியில் அக்கா வீட்டுக் கூரையின் பனி தானாகச் சரிந்து மேற்குக் குழாய்களை மூடிவிட்டது. போன் வந்தது.

"டேய் வால்ஃப்ரெட், உன் பெரிய மெஷின் படுத்துக்கிச்சு. நீ வந்து ரெண்டு திட்டு திட்டினாத்தான் எழுந்திருக்கும் போல."

போனேன். பத்து நிமிட வேலை. முடித்துவிட்டுக் கிளம்பப் போனவனை உட்கார வைத்தாள். காபி, ஏலக்காய் போட்ட பின்னல் ரொட்டி. நிசு என்றால் உங்களுக்குத் தெரியும், உங்கள் வீட்டிலும் சுடுவார்கள். இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். ஆர்வோ ஒருமுறை டிராக்டரை ஏரிக்குள் விட்ட கதையைச் சொன்னாள். எனக்கு ஏற்கெனவே தெரிந்த கதைதான். திரும்பி வரும்போது வண்டியில் நான் சீட்டியடித்துக்கொண்டு வந்ததை ஊர் எல்லையில்தான் கவனித்தேன். டோலோரஸ் போன பிறகு அதுதான் முதல் தடவை.

நம் ஃபின்லாந்து ஆட்களின் பழக்கம் உங்களுக்குத் தெரியும். ஒரு ஆம்பளை காரணமில்லாமல் இன்னொரு வீட்டு மேசையில் போய் உட்கார மாட்டான், அது கூடப்பிறந்தவள் வீடாக இருந்தாலும் சரி. ஏதாவது ஒன்று உடைந்திருக்க வேண்டும், இல்லை ஏதாவது ஒன்றைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். என் அப்பா பக்கத்து வீட்டுக்காரரோடு காபி குடிப்பதற்காகவே ஒரே ரம்பத்தை இருபது வருடம் இரவல் வாங்கிக்கொண்டிருந்தார். நானும் வேலை பார்த்த காலமெல்லாம் கூப்பிட்ட இடத்துக்குத்தான் போயிருக்கிறேன். கூப்பிடாமல் போய் எப்படி நிற்பது என்று எனக்குத் தெரியாது.

இரண்டு வாரம் கழித்துக் கூரை செய்ததை நான் என் கையால் செய்தேன். அவள் வீட்டுப் பனியைத் தள்ளுவது எப்போதும் என் பொறுப்புதான். அகலத் தகட்டு வாரியால் வழியைச் சுத்தம் செய்துவிட்டு, கடைசி நாலு வாரிப் பனியை மேற்குச் சுவரில் கொட்டினேன். குழாய்கள் மறைந்ததும் வாரியின் முதுகால் தட்டிக் கெட்டிப்படுத்தினேன். தூளாக விட்டால் குழாயின் சூடு ஓட்டை போட்டுவிடும். தட்டினால் இறுகிப் பலகை மாதிரி நிற்கும். அந்தப் பக்கம் ஒரே ஒரு குளியலறை ஜன்னல்தான், அதுவும் மங்கிய கண்ணாடி. உள்ளே போகாமலே வீட்டுக்குக் கிளம்பிவிடுவேன்.

"உள்ள வந்து ஒரு வாய் குடிச்சிட்டுப் போயேண்டா," என்று கதவைத் திறந்து கத்துவாள்.

"பூட்ஸ் எல்லாம் பனி. எனக்கு வேலை கிடக்கு," என்பேன்.

எனக்கு ஒரு வேலையும் இருக்காது. வீட்டுக்கு வந்து சமையலறை மேசையில் உட்கார்ந்திருப்பேன். எட்டு மணிக்குக் கிளம்பி வந்தால், பதினொன்று வாக்கில் போன் அடிக்கும். ஹீட்டர் எட்டு பத்துக்கே நின்றிருக்கும் என்று எனக்குத் தெரியும். அவள் ஏன் மூன்று மணி நேரம் கழித்துக் கூப்பிடுகிறாள் என்று நான் யோசித்ததில்லை. வயதானவள், குளிர் மெதுவாகத்தான் உறைக்கிறது போலும் என்று நினைத்துக்கொண்டேன். அதையும் பாதுகாப்புக் கணக்கில்தான் சேர்த்தேன். பாருங்கள், இவளுக்குக் குளிர்கூடத் தெரியவில்லை, இவளை எப்படித் தனியாக விடுவது?

போனதும் உடனே குழாயைத் திறந்துவிட மாட்டேன். நிலவறையில் இறங்கி, கதவைக் கழற்றி, தீயை உணரும் கம்பியை இரும்பு நாரால் தேய்த்து, ஃபில்டரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, முக்கால் மணி நேரம் எடுத்துக்கொள்வேன். அவள் மேல்படியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பாள். கடைசியில்தான் "வெளியே ஒரு பார்வை பார்த்துட்டு வர்றேன்" என்று போய்க் குழாயைச் சுத்தம் செய்வேன். ஹீட்டர் எரிய ஆரம்பிக்கும். "கெட்டிக்காரன்டா நீ," என்பாள். அந்த வார்த்தை எனக்குப் பிடித்திருந்தது. மறைக்க என்ன இருக்கிறது?

மூன்று குளிர்காலத்தில் பதினேழு தடவை. ஒவ்வொரு தடவையும் காபியும் சூடான ரொட்டியும் முடிந்து கிளம்பும்போது, "இந்த ஹீட்டருக்கு வயசாயிடுச்சு அக்கா, என்னைக்காவது ஒருநாள் நான் வந்து சேர முடியாமப் போகும். பேசாம அங்க வந்துடு," என்பேன். அவள் மேசையைத் துடைத்துக்கொண்டே, "பார்க்கலாம்டா," என்பாள்.

விறகு அடுப்பைப் பற்றிக் கேட்டீர்கள். ஆமாம், அதில் தொங்குகிற சிவப்புச் சீட்டு என்னுடையதுதான். வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது ஒரு கட்டுச் சீட்டு என் பெட்டியில் மிச்சம் இருந்தது. ஆபத்தான அடுப்பில் அந்தச் சீட்டைக் கட்டிவிட்டால் யாரும் பற்றவைக்கக்கூடாது. போன வருடம் அக்டோபரில் கட்டினேன். புகைக்கூண்டின் உள்ளே ஒரு செங்கலில் கீறல் இருந்தது உண்மை. மயிரிழைக் கீறல். அதே கீறலோடு அந்த அடுப்பு இன்னும் முப்பது வருடம் எரிந்திருக்கும் என்பதும் உண்மை. ஆனால் ஹீட்டர் நிற்கும்போதெல்லாம் அவள் விறகைப் போட்டுக்கொண்டு சௌகரியமாக உட்கார்ந்திருந்தால் அவளுக்கு எப்போது புத்தி வரும்? நான் கட்டிய சீட்டை அவள் மீறவே இல்லை. "என் தம்பி கட்டினது, அவனுக்குத் தெரியாததா," என்று சர்ச்சில் எல்லோரிடமும் சொன்னாளாம்.

மின்சார ஹீட்டர் ஒன்று வைத்திருந்தாள், சின்னது. அதன் வயர் பிய்ந்திருந்தது, சரிசெய்து தருகிறேன் என்று டிசம்பரில் எடுத்து வந்தேன். அது என் கராஜில் இருக்கிறது. வயரை மாற்றிவிட்டேன். கொண்டுபோய்க் கொடுக்க நேரம் வாய்க்கவில்லை. தனி அடுப்பு உள்ள சானா, அந்த நீராவிக் குளியல் கொட்டகையை, அவள் வழுக்கி விழுந்த வருடமே பூட்டியாகிவிட்டது. அதற்குப் போகும் பாதையில் இப்போது இடுப்பளவு பனி. இதையெல்லாம் ஒரே நாளில் யோசித்துத் திட்டம்போட்டுச் செய்ததுபோல நீங்கள் எழுதிவிடக்கூடாது. ஒவ்வொன்றுக்கும் அந்தந்த நேரத்தில் ஒரு நியாயமான காரணம் இருந்தது.

ஜனவரி கடைசியில் நேராகவே கேட்டுவிட்டேன். வசந்தம் வரைக்குமாவது என் வீட்டில் வந்து இரு என்றேன்.

"உன் வீட்டுல வந்து நான் என்னடா பண்றது? டோலோரஸ் மாட்டின திரைச்சீலையப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கவா? நீ அவ செருப்பைக்கூட இன்னும் வாசல்ல இருந்து எடுக்கல."

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"இது நான் நடை பழகின வீடு. என்னை இங்கிருந்து தூக்கிட்டுத்தான் போகணும். நீ வேணும்னா இங்க வந்து இரேன். அந்த மேல் ரூம் உன்னோடதுதானே."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. எழுபது வயதில் ஒரு மனுஷன் தன் அக்கா வீட்டு மேல் அறைக்கு, சின்ன வயதில் படுத்த கட்டிலுக்கு, எப்படித் திரும்பிப் போவான்? ஊர் என்ன சொல்லும்? அவனால் தனியாக இருக்க முடியவில்லை என்றல்லவா சொல்லும். அவள் என்னிடம் வருவது வேறு, அதில் யாருக்கும் கௌரவக் குறைச்சல் இல்லை. அடுத்த தடவை கூப்பிட்டதும் ஓடக்கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்தேன். ஒருநாள் குளிரட்டும். வாயைத் திறந்து "வந்துவிடுகிறேன்" என்று ஒரு வார்த்தை சொல்லட்டும், அடுத்த அரைமணியில் நான் வாசலில் நிற்பேன். அந்த ஒரு வார்த்தைதான் எனக்கு வேண்டியிருந்தது.

இனி அந்தப் புதன்கிழமை. காலை ஏழரைக்குப் போய்ப் பனியைத் தள்ளினேன். குழாயை மூடினேன். வழக்கத்தைவிட ஒரு வாரி அதிகம். எட்டு மணிக்குக் கிளம்பினேன். பதினொன்று ஐந்துக்குப் போன் வந்தது. நான் என் வீட்டிலிருந்தே அவளுக்கு ஒவ்வொன்றாகச் சொன்னேன். பேட்டரி பார்த்தாள், சரியாக இருந்தது. சுவிட்ச் பார்த்தாள். நிலவறைக்குப் பதினோரு படி, தடியோடு இறங்கினாள். ஃபில்டரை உருவிப் பார்த்தாள். விளக்கை எண்ணச் சொன்னேன். ஏறி வந்து மூன்று என்றாள். நாளைக்கு வருகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். முதலில் நான் உங்களிடம் சொன்னது அவ்வளவுதான். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

வியாழக்கிழமை விடிந்ததும் புயல் பிடித்துக்கொண்டது. என்னால் போக முடியவில்லை என்று சொல்ல மாட்டேன். கவுன்ட்டி நிர்வாகத்தின் பனி தள்ளும் லாரி அந்த மேட்டு ரோட்டில் இரண்டு தடவை போயிருக்கிறது, அதன் பின்னாலேயே நானும் போயிருக்கலாம். லாரி ஓட்டும் டேல் ருவோனா மத்தியானம் இரண்டு மணிக்கு நிறுத்திக் கதவைத் தட்டினாராம். அக்கா கோட்டும் கம்பளித் தொப்பியுமாக வந்து திறந்தாளாம். அவர் சொன்னதை நீங்கள் எனக்குப் படித்துக் காட்டினீர்கள்.

"என்ன ஐலியம்மா, வீட்டுக்குள்ளேயே ஊர்வலமா? ஹீட்டர் ஓடலையா? நான் யாரையாவது அனுப்பட்டுமா?"

"ஒண்ணும் வேணாம். தம்பி வர்றான்."

"இந்தப் புயல்லயா? சரி, நிசு வாசனை அடிக்குதே, ஒரு துண்டு கிடைக்குமா?"

"அது இன்னும் வெட்டல. அவன் வந்துதான் வெட்டணும். உனக்கு அடுத்த வாரம் தனியா சுட்டுத் தர்றேன், இப்ப போ. ரோட்டைப் பாரு."

அன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு அந்த மேடு முழுக்க மின்சாரம் போனது. அதற்கு நான் பொறுப்பில்லை. மின்சாரம் இல்லாவிட்டால் எந்த ஹீட்டரும் ஓடாது, குழாய் திறந்திருந்தாலும் சரி, மூடியிருந்தாலும் சரி. இதை யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். அதுவரைக்கும் அவள் ரொட்டி சுடும் மின்சார ஓவனைத் திறந்துவைத்துச் சமையலறையைச் சமாளித்திருக்கிறாள். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே பதினொரு டிகிரி ஃபாரன்ஹீட். வீடு ஒன்றரை நாளாக ஆறிப்போய் இருந்தது. விறகு அடுப்புக்குப் பக்கத்தில் விறகு அடுக்கி இருந்தது. சீட்டு அப்படியே தொங்கியது. இதற்கு மேல் அதில் சொல்ல எதுவும் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதுக்கு மின்சாரம் வந்துவிட்டது. பதினொரு மணிக்கு நான் போனேன். முதலில் மேற்குப் பக்கம் போய்க் குழாயைச் சுத்தம் செய்தேன். அது வெறும் பழக்கம்தான். அந்த மூலையில் சமையலறைத் துடைப்பம் பனியில் குத்தி நின்றது. பின்கதவிலிருந்து அதுவரைக்கும் யாரோ நடக்கப் பார்த்த பள்ளம் பாதி மூடியிருந்தது. ஆறேழு அடிக்கு மேல் போகவில்லை. துடைப்பத்தை எடுத்து வந்து அதன் ஆணியில் மாட்டினேன்.

அவள் மேசையருகே உட்கார்ந்திருந்தாள். கோட், தொப்பி, ஆர்வோவின் பெரிய கையுறை. மேசையில் துணி போட்டு மூடிய ரொட்டி, இரண்டு கோப்பை. தொட்டுப் பார்த்தேன். கீழே போய் ஹீட்டரை அணைத்துப் போட்டேன், எரிந்தது. மேலே வந்து காபி போட்டேன். ரொட்டி காய்ந்து கல்லாக இருந்தது, அறுத்துக் காபியில் முக்கிச் சாப்பிட்டேன். அவளுக்கு எதிரில், என் நாற்காலியில். வீடு கதகதப்பாகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். இரண்டு மணி நேரம் இருக்கும். குளிரில் அவளை விட்டுவிட்டு வெளியே போக மனசு வரவில்லை. பிறகுதான் உங்களுக்குப் போன் செய்தேன். நீங்கள் வந்தபோது வீட்டுக்குள் இதமான அறுபத்தெட்டு டிகிரி ஃபாரன்ஹீட், அவள் மட்டும் ஜில்லென்று இருந்தாள். உங்களுக்கு முதல் சந்தேகம் அங்கேதான் வந்தது என்று நினைக்கிறேன். நியாயமான சந்தேகம்.

ஆனால் இந்த ரொட்டி விஷயத்தை நீங்கள் கேட்பீர்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

"எங்கம்மாவும் நிசு சுடுவாங்க, மிஸ்டர் கங்காஸ்," என்றீர்கள். "மாவு பிசைஞ்சு, ஊற வெச்சு, பின்னி, மறுபடி ஊற வெச்சு, சுட்டு எடுக்க மூணு மணி நேரத்துக்கு மேல ஆகும். ஹீட்டர் நின்னு நீங்க போற ஒவ்வொரு தடவையும் சூடா ரொட்டி இருந்துச்சுன்னு நீங்களே சொல்றீங்க. அப்படின்னா அவங்க மாவு பிசைய ஆரம்பிச்சது எப்போ?"

நீங்கள் வற்புறுத்தவில்லை. தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனீர்கள். கணக்கு தெரிந்தவர் நீங்கள். அதனால் அந்த போன் பேச்சில் நான் விட்டுவிட்டதையும் சொல்லிவிடுகிறேன். வேலையைப் பாதியில் விடுவது எனக்குப் பிடிக்காது.

மூன்று என்று சொன்னதும் அவள் கொஞ்சம் மூச்சு வாங்கினாள். பதினோரு படி ஏறி வந்த மூச்சு. பிறகு சொன்னாள்.

"மூணுன்னா மேற்குச் சுவர்க் குழாய்தானேடா. காலையில நீ தட்டித் தட்டி அடைச்சியே, அதே குழாய்தானே?"

நான் போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"வாரியால நீ தட்டுற சத்தம் சமையலறை வரைக்கும் கேக்கும். மூணு வருஷமா கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். தட்டல் கேட்டதும் மாவை எடுத்துப் பிசைய ஆரம்பிச்சிடுவேன். ரொட்டி வெந்ததும் உனக்குப் போன் போடுவேன். இப்பத்தான் ஓவன்ல இருந்து எடுத்தேன்." பிறகு கேட்டாள். "டேய், நீ சும்மா வந்தா நான் காபி குடுக்க மாட்டேனா? அந்த வீட்டுல உனக்கு ரொம்பத் தனியா இருக்காடா?"

நான் மேசைத் துணியின் சுருக்கத்தை விரலால் நீவிக்கொண்டிருந்தேன்.

"நான் வேற ஆளைக் கூப்பிட மாட்டேன், பயப்படாதே. வேற எவனாவது வந்தா வாரித் தடத்தைப் பார்த்த உடனே கண்டுபிடிச்சிடுவான். அப்புறம் ஊர்ல நீ எப்படித் தலைநிமிர்ந்து நடப்பே? நீயே வா. வந்து குழாயத் தொறந்து விட்டுட்டு உட்காரு. இதை இனிமே நான் பேசவே மாட்டேன்."

அவள் குரலில் கோபம் இல்லை. சின்ன வயதில் நான் படுக்கையை நனைத்துவிட்டால், அப்பாவுக்குத் தெரியாமல் விரிப்பை மாற்றுவாள். அதே குரல்தான். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. வெட்கம் என்று சொன்னால் அது சின்ன வார்த்தை. பதினேழு தடவையும் அவள் மேல்படியில் உட்கார்ந்து, நான் சும்மா கம்பியைத் தேய்ப்பதைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள். தெரிந்துகொண்டேதான் கெட்டிக்காரன் என்று சொல்லியிருக்கிறாள்.

"விளக்கை இன்னொரு தடவை எண்ணிட்டு வந்து சொல்லு," என்றேன்.

"வால்ஃப்ரெட்..."

"எண்ணிட்டு வா அக்கா."

போனை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். தடி ஒவ்வொரு படியிலும் இறங்குவது கேட்டது. பதினொன்று. கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. திரும்பப் பதினொன்று ஏறி வந்தாள்.

"மூணுதான்டா," என்றாள். "வர்றியா?"

நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

நீங்கள் என் நோக்கத்தைக் கேட்டீர்கள். அவளை என் வீட்டுக்கு வரவழைக்கத்தான், அவளுடைய பாதுகாப்புக்குத்தான், என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதையே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். இன்னும் ஒன்று மட்டும் மிச்சம் இருக்கிறது. குழாயை மூடிவிட்டு வருகிற நாட்களில் நான் வீட்டில் கோட்டைக் கழற்ற மாட்டேன். அவள் கூப்பிட்டதும் கிளம்புவதற்கு வசதியாக பூட்ஸோடுதான் மேசையில் உட்கார்ந்திருப்பேன். பத்தே முக்காலுக்கே வண்டியை ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்துவிடுவேன். அந்தப் புதன்கிழமையும் வண்டி வாசலில் உறுமிக்கொண்டுதான் இருந்தது. போனை வைத்த பிறகு வெளியே போய் அதை அணைத்தேன். உள்ளே வந்து பூட்ஸைக் கழற்றி, டோலோரஸின் செருப்புக்குப் பக்கத்தில் வைத்தேன். நான் செய்தது அவ்வளவுதான்.